திரைக்கு அப்பால் இருப்பவர் அருகில் இருக்கிறாரா?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியை வெளியுலகம் முதலில் தூரத்திலிருந்துதான் அறிந்தது. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். ஆலை அதற்குப் பிறகுதான் வந்தது. இன்றும் இந்திய அருமண் நிறுவனம் இந்தக் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. ஒரு ஊரின் மண்ணைக் கடல் கடந்த ஊரில் இருந்துகொண்டே துல்லியமாக அறிந்துவிட முடிந்தது. ஒரு குழந்தையை அப்படி அறிய முடியுமா? அறிந்தாலும், அறிந்தவர் அந்தக் குழந்தைக்குத் துணையாக முடியுமா? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஆலோசனையும் பயிற்சியும் காணொளி அழைப்பில் வரத் தொடங்கிவிட்ட காலத்தில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கிறது. இங்கிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 60 கிலோமீட்டருக்கு மேல். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளத்தில். பஸ்ஸின் இரைச்சலையும் நெரிசலையும் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையோடு நாகர்கோவில் போய்த் திரும்புவதே ஒரு தாயின் அன்றைய நாளை முழுதாகத் தின்றுவிடும். ஆகவே கைப்பேசி வழியாக ஒருவர் வீட்டுக்குள் வருகிறார். அவர் வந்திருக்கிறாரா, இல்லையா?

இந்தக் கேள்வியைச் செலவு, வசதி என்ற கணக்கோடு முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது சமயக் கேள்வியாகவே படுகிறது. உடலால் இங்கே இல்லாத ஒருவர் இங்கே இருக்க முடியுமா என்று மனிதர்கள் கேட்கத் தொடங்கியது இணையம் வந்த பிறகு இல்லை. கோயிலும் குருசடியும் அய்யாவழித் தாங்கலும் பள்ளிவாசலும் நெருங்கி நிற்கும் இந்தக் கடலோரத்தில், ஒவ்வொரு சமயமும் இதற்குத் தன் வழியில் விடை தேடியிருக்கிறது. அந்த விடைகளையும் கடந்த பதினைந்து ஆண்டுகளின் ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வல்லுநர் தூரத்தில் இருப்பதில் பிழையும் இல்லை, பெருமையும் இல்லை. தூரத்திலிருந்து அவர் செய்யும் வேலையால், குழந்தையைச் சுற்றி உண்மையில் இருப்பவர்களின் அருகாமை கூடுகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். கூடினால் அவர் அங்கே இருக்கிறார். கூடாவிட்டால், வாரம் ஐந்து முறை முகம் காட்டினாலும் அவர் அங்கே இல்லை.

சைவ சித்தாந்தத்திலிருந்து தொடங்கலாம். குரு மாணவனுக்கு அருள் வழங்கும் தீக்கை ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை என்பது அதன் கொள்கை. சிவஞான சித்தியார் பல வகைகளைச் சொல்கிறது: பார்வையால் தரும் நயன தீக்கை, தொட்டுத் தரும் பரிச தீக்கை, சொல்லால் தரும் வாசக தீக்கை, நினைவால் தரும் மானச தீக்கை என்று அந்த வரிசை நீள்கிறது. இவற்றை விளக்க மரபாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு மூன்று உயிர்களைப் பற்றியது. பறவை முட்டையைத் தொட்டு அடைகாக்கும். மீன் பார்வையால் பொரிக்கும். ஆமையோ கரை மணலில் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குள் இருந்து நினைத்தே பொரிக்கும். உயிரியல் இதை ஏற்காது. ஆனால் மரபு இதன் வழியே சொல்ல வந்தது உயிரியலை இல்லை. தொடுதல் ஒன்றே உறவின் அளவுகோல் என்ற எண்ணத்தை அது மறுக்கிறது. அதே சமயம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்த மாணவனுக்கு எந்தத் தீக்கை என்பதை குரு தன் வசதியை வைத்துத் தீர்மானிப்பதில்லை. மாணவனின் பக்குவத்தைப் பார்த்தே தீர்மானிக்கிறார். தொலைச் சேவையை ஆதரித்துப் பேசுவோர் இந்த இரண்டாவது பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். தூரம் யாருடைய தேவைக்காக என்ற கேள்வியை மரபு கைவிடவே இல்லை.

கிறித்தவத்திலும் இதே இரட்டைத்தன்மை இருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் இரண்டு குணமாக்கல்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலில் ஒரு தொழுநோயாளி. அவரை இயேசு கை நீட்டித் தொடுகிறார். அடுத்து கப்பர்நாகூமில் ஒரு நூற்றுவர் தலைவனின் பணியாள். அவனை இயேசு பார்க்கவே இல்லை, வீட்டுக்கும் போகவில்லை, சொல் மட்டும் போகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தொடக்கூடாதவர் என்று ஊர் ஒதுக்கியவருக்குத் தொடுதலே மருந்து. அவருக்குத் தூரத்திலிருந்து சொல் அனுப்பியிருந்தால் அது ஊர் செய்த ஒதுக்கலின் நீட்சியாகியிருக்கும். பணியாளின் நிலை வேறு. அவன் படுக்கையருகே அவனுக்காக வெளியே ஓடிவந்து மன்றாடும் ஒரு தலைவன் ஏற்கெனவே இருக்கிறான். அருகில் இருக்கும் ஒருவரின் கவலை வழியாகத்தான் அந்தச் சொல் வீட்டுக்குள் போகிறது. கத்தோலிக்கத் திருச்சபை பின்னாளில் எல்லையையும் வகுத்தது. இணையத்தைக் குறித்து 2002இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. மறையுரை அலைவரிசையில் போகலாம். அப்பத்தை வாயால்தான் உண்ண வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் திருப்பலியைத் திரையில் பார்த்த கடலோர மக்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கவேண்டி இருந்திருக்காது.

தென்திருவிதாங்கூரில் தூரம் என்பதற்கு இன்னொரு கசந்த வரலாறும் உண்டு. தீண்டாமையோடு அணுகாமையும் இங்கே நடைமுறையாக இருந்தது. இன்னார் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அடிக்கணக்கு வைத்து மனிதரை நிறுத்திய நாடு இது. அந்தக் காலத்தில் சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) தம்மிடம் வந்தவர்களின் நெற்றியைத் தொட்டு நாமம் சாத்தினார். அந்தத் தொடுதல் வழிபாட்டுச் சடங்காகவும் அரசியல் செயலாகவும் ஒரே சமயத்தில் இருந்தது. ஆகவே, ஏழை மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு நகரத்து வல்லுநர் திரையில் மட்டுமே வருவார் என்று சொல்லும்போது, இந்த மண்ணில் ஒருவருக்குப் பழைய அடிக்கணக்கு நினைவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் தொடங்கிய அதே அய்யாவழிதான் ஊர் ஊராக நிழல் தாங்கல்களை எழுப்பியது. சுவாமித்தோப்புப் பதிக்குப் போக முடியாதவரின் ஊரிலேயே ஒரு தாங்கல். அங்கே ஏடு வாசிக்கவும் அன்னம் சமைக்கவும் அந்த ஊர் ஆட்களே. மூலத்தானத்தில் சிலைக்குப் பதில் கண்ணாடி, இருபுறமும் விளக்கு, முன்னால் நிற்பவர் தன் உருவத்தையே காண்கிறார். தூரத்து மையத்தின் நிழல் ஒரு ஊரில் விழ வேண்டுமானால் அந்த ஊரில் அதைத் தாங்க ஆள் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் திட்ட அறிக்கையும் சொன்னதில்லை. கண்ணாடி விஷயத்துக்கு மீண்டும் வருகிறேன்.

அதற்கு முன் ஆட்டிசம் என்ற நிலையே இந்தக் கேள்விக்குள் எப்படி வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை, இந்தக் குழந்தைகளைப் பற்றிய பொதுப்பேச்சு ஒரே திசையில் போகிறது: பிள்ளை இங்கே இருக்கிறது, ஆனால் இங்கே இல்லை; கண்ணைப் பார்ப்பதில்லை; கூப்பிட்டால் திரும்புவதில்லை; தனி உலகத்தில் இருக்கிறது. நம் அகராதியில் இருத்தல் என்றால் முகத்தோடு முகம் சந்திப்பது. அந்த அளவுகோலில் ஆட்டிசம் உள்ள குழந்தை தோற்கிறது. கவனித்துப் பார்த்தால், காணொளியில் வரும் வல்லுநரும் அதே அளவுகோலில்தான் தோற்கிறார். ஒருவருக்கு உடல் இருக்கிறது, பார்வை சந்திக்கவில்லை என்கிறோம்; மற்றவருக்குப் பார்வை இருக்கிறது, உடல் இல்லை என்கிறோம். இரண்டு சந்தேகமும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்கிளேர் 1993இலேயே பெற்றோரை நோக்கிச் சொன்னார்: உங்கள் பிள்ளை தொலைந்துபோகவில்லை, நீங்கள் எதிர்பார்த்த வேறொரு பிள்ளைக்காக இவன்முன் அழாதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். டேமியன் மில்ட்டன் என்ற ஆய்வாளர் 2012இல் இதை மேலும் கூர்மையாக்கினார். புரிந்துகொள்ளாமை ஆட்டிசம் உள்ளவர் பக்கம் மட்டும் இல்லை. இரு பக்கமும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லை. இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் சேவையின் நோக்கமே இடம் மாறுகிறது. பிள்ளையை நம் உலகத்துக்கு இழுத்து வரும் வேலையாக அது இருக்க முடியாது. பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதனோடு இருக்க வீட்டாருக்குக் கற்றுத் தரும் வேலையாக வேண்டும்.

உடல் அருகில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாடு மிகக் கொடிய விலை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். அவர்கள் புனித இடத்தின் அருகில்தான் இருந்தார்கள். பராமரிப்பவர் என்று சொல்லப்பட்டவர்களும் அருகில்தான் இருந்தார்கள். அருகில் இருந்தவர்கள் அவர்களைக் கவனிக்கவில்லை. உடலின் நெருக்கம் கவனிப்புக்கு வாய்ப்பு மட்டுமே தருகிறது. கவனிப்பு என்று நான் சொல்வது மூன்று செயல்கள் சேர்ந்தது: ஒருவர் செய்வதைப் பொறுமையாகப் பார்ப்பது, பார்த்ததற்கு ஏற்பப் பதில் தருவது, நாளையும் மறுநாளும் அந்தப் பொறுப்பில் நிற்பது. முதல் இரண்டையும் திரை வழியாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. மூன்றாவதை யார் செய்வது என்பதில்தான் சிக்கல்.

சான்றுகளைப் பார்ப்போம். மான்செஸ்டரில் ஜொனாதன் கிரீன் குழுவினர் உருவாக்கி 2010இல் 152 குழந்தைகளோடு சோதித்த ஒரு முறை இருக்கிறது. அதில் வல்லுநர் குழந்தையோடு நேரடியாக வேலை செய்வதில்லை. தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாடுவதைப் படமெடுத்து, அந்தப் படத்தைப் பெற்றோரோடு அமர்ந்து பார்த்து, பிள்ளை எந்த நொடியில் எதையோ சொல்ல முயன்றது, பெற்றோர் எந்த நொடியில் அதற்குச் சரியாகப் பதில் தந்தார் என்று சுட்டிக்காட்டுகிறார். அந்த முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு சோதித்த முடிவு 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. அங்கே பயிற்சி தந்தவர்கள் வல்லுநர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண நலப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கை ஒட்டிப் பதில் தருவது கூடியது. பிள்ளைகள் தாமாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. எதிர்பார்த்ததற்கு மாறாக, இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைத்த நேரத்தின் விகிதம் குறைந்தது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். மாயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடந்தது சின்ன விஷயமும் இல்லை. அமெரிக்காவின் அயோவாவில் இதே திசையில் இன்னொரு ஆய்வு. ஆட்டிசமோ பிற வளர்ச்சிக் குறைபாடோ உள்ள 107 சிறு குழந்தைகளின் கடும் நடத்தைச் சிக்கல்களுக்கு, பெற்றோரைப் பயிற்றும் சிகிச்சையை வீட்டுக்கு நேரில் போயும், மருத்துவமனைத் திரை வழியாகவும், வீட்டுத் திரை வழியாகவும் தந்து ஒப்பிட்டார்கள். மூன்றிலும் சிக்கல் சராசரியாக 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. திரை வழியில் செலவும் குறைவு. 2016இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த முடிவு இது. இந்த ஆய்வுகள் அனைத்திலும் பொதுவாக ஒன்று இருக்கிறது: பிள்ளையைத் தொட்டவர், ஊட்டியவர், கூட விளையாடியவர் வீட்டு ஆள். பயிற்சி தந்தவர் அந்தக் கைகளுக்குக் கண்ணாக இருந்தார்.

இனி கண்ணாடி. கானருக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், தாயின் குளிர்ந்த மனமே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மருத்துவ உலகில் பலர் நம்பினார்கள். புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் அதைப் புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். தாய் அருகில் இருந்தும் இல்லாதவள் என்பதே அந்தக் குற்றச்சாட்டு. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லண்ட் 1964இலேயே அதற்கு ஆதாரமில்லை என்று எழுதியிருந்தும் பழி நீங்க நெடுங்காலம் ஆயிற்று. நம் ஊரில் அந்தப் பழிக்கு வேறு பெயர்கள் உண்டு: கர்ப்பத்தில் செய்த தப்பு, முன்வினை, நேர்ச்சை பாக்கி. அப்படிப்பட்ட இடத்தில் தாயை நோக்கி ஒரு கேமராவைத் திருப்புவது சிறு காரியம் இல்லை. பார்க்கப்படுகிறோம், மதிப்பெண் போடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றினால் அந்தச் சேவை பழைய பழியின் புது வடிவமாகிவிடும். மான்செஸ்டர் முறையில் எனக்கு மிகவும் மதிப்பு வாய்ந்ததாகத் தோன்றுவது இதற்கு அவர்கள் கண்ட விடை. தாய் தவறிய இடங்களைத் தொகுத்துக் காட்டுவதில்லை. அவளும் பிள்ளையும் ஒன்றுபட்ட நொடிகளைத் தேடிப் பிடித்துக் காட்டுகிறார்கள். திரையில் அவள் காண்பது வல்லுநரை இல்லை, தன்னை. தன் பிள்ளைக்குத் தான் ஏற்கெனவே பதில் தந்துகொண்டிருப்பதை. தாங்கலின் கண்ணாடிமுன் தலைப்பாகையோடு நிற்பவருக்கு, நீ தாழ்ந்தவன் இல்லை என்று அந்தக் கண்ணாடி சொன்னது. இந்தத் திரையும் அதைச் சொல்ல முடியும். சொல்லும்படி அதைப் பிடிப்பது பயிற்சியாளரின் அறம்.

மறுப்புகளுக்கு வருவோம். சிறு பிள்ளைகளுக்குத் திரையே ஆகாது என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கும்போது, திரை வழியே சேவையா என்று கேட்கிறார்கள். பிள்ளையைத் திரைமுன் உட்காரவைத்துப் பாடம் நடத்தும் வகையைத்தான் இந்த மறுப்பு தாக்குகிறது. அந்த வகையை நானும் ஆதரிக்கவில்லை. மேலே சொன்ன முறைகளில் திரையைப் பார்ப்பது பெரியவர்கள். அடுத்து, வீட்டுக்குள் கேமரா வருவதால் அந்தரங்கம் போகும் என்பது. இது நியாயமான அச்சம். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் உறுதிசெய்யப்பட்ட ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதல் படிவம் தமிழில், ஒருவர் வாசித்து விளக்கும்படி, வேண்டாம் என்றாலும் சேவை தொடரும்படி இருக்க வேண்டும் என்பதற்கு மேல் இங்கே விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

தாயின் சுமை என்ற மறுப்பு கனமானது. மாவட்டத்தின் முந்திரி ஆலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். கடலோரத்தில் மீன்கூடையோடு விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்கள் உண்டு. கணவர் தங்குகடலிலோ கல்ஃபிலோ இருப்பார். இப்படிப்பட்ட பெண்ணிடம், இனி நீயே பயிற்சியாளர் என்று ஒரு வேலையைக் கூடுதலாக ஏற்றுவது இரக்கமா? ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட நடத்தைப் பயிற்சி முறை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்டது. அதைத் தாயின் தலையில் வைத்தால் கொடுமைதான். ஆனால் பெற்றோர் வழி முறைகள் கேட்பது நாளுக்கு ஏறத்தாழ அரைமணி நேர விளையாட்டு. அதையும் தாய் ஒருத்தியிடமே கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பாட்டி, சித்தி, அண்ணன் எல்லோருக்கும் காட்டித் தரலாம். தொலைச் சேவையின் நன்மை ஒன்று இங்கே தெரிகிறது: கிளினிக்குக்குத் தாய் மட்டுமே போவாள், வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். குவைத்திலோ கத்தாரிலோ இருக்கும் தந்தையும் அந்த அழைப்பில் சேர முடியும். இராத்திரி வேலை முடிந்து, தன் பிள்ளையை ‘மக்களே’ என்று கைப்பேசியில் கூப்பிட்டே வளர்க்கும் தகப்பன்மார் நிறைந்த மாவட்டம் இது. அவர்கள் இல்லாதவர்கள் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவர்கள் இல்லாத குறையை மனைவிமார் நன்றாக அறிவார்கள். இரண்டும் உண்மை. தொலைச் சேவையைப் பற்றியும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு கடைசியாக வருகிறது: ஏழைக்குத் திரை, பணக்காரனுக்கு ஆள். இந்தப் பகுதியின் மருத்துவ வரலாறு வந்து தங்கியவர்களின் வரலாறு. மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்திலுள்ள நெய்யூரில் 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922இன் எவரெஸ்ட் பயணத்தில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்டு சோமர்வெல், அதன்பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் மருத்துவமனையின் கூட்டத்தையும் ஆள் பற்றாக்குறையையும் கண்டு, லண்டன் வாழ்க்கையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். அவர் கடிதத்தில் ஆலோசனை அனுப்பியிருந்தால் நெய்யூர் நெய்யூராகியிருக்காது. இதை மறுக்க நான் விரும்பவில்லை. சில காரியங்களுக்கு உடல் வந்தே ஆக வேண்டும். ஆட்டிசம் என்று முடிவு கட்டும் முன் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று கருவியால் சோதிக்க வேண்டும். வலிப்பு இருந்தால் நரம்பியல் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். விழுங்குவதில் சிக்கல் இருக்கும் பிள்ளைக்குத் தூரத்திலிருந்து ஊட்டக் கற்றுத் தருவது ஆபத்து. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஆட்டிசத்தையும் சேர்த்தது. அதன்கீழ் வரும் சான்றிதழுக்கான மதிப்பீடும் பிள்ளையை நேரில் பார்த்துச் செய்ய வேண்டியது. திருச்சபை சொல்லையும் அப்பத்தையும் பிரித்துப் பார்த்ததுபோல இங்கும் பிரிக்க வேண்டும். சட்டத்தின் நிலை இதில் தெளிவாக இல்லை என்பதும் வருத்தமான உண்மை. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாள்தோறும் வேண்டியிருக்கும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் அதன் வரம்புக்குள் வரவில்லை.

ஆனால் இந்த மறுப்பு, ‘திரையா, ஆளா’ என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது நான் விலகுகிறேன். ஒரு பிள்ளையின் பேச்சு அறுவை மேடையில் வளர்வதில்லை. அடுப்படியிலும் திண்ணையிலும், ஆண்டுக்கணக்கில், ஒரே சொல்லை நூறு முறை சொல்லும் பொறுமையில் வளர்கிறது. எத்தனை சோமர்வெல்கள் வந்தாலும் ஒவ்வொரு அடுப்படியிலும் ஒருவர் தங்க முடியாது. வந்து தங்க வேண்டியவர் இந்த ஊரைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இதற்கு முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகக் கிராமப் பெண்களைப் பயிற்றி வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்கள் கையில் ஒரு செயலி. அதன் வழியாகத் தூரத்து வல்லுநர்கள் குழந்தையின் நிலையைப் பார்த்து அடுத்தது என்ன என்று சொல்கிறார்கள். திரை அங்கே இருக்கிறது. ஆனால் திரையைப் பிடித்திருக்கும் கை அந்த வீட்டு வாசலில் நிற்கிறது. தீக்கையின் மொழியில் சொன்னால், பார்வையும் நினைவும் தூரத்திலிருந்து, தொடுதல் ஊரிலிருந்து.

மண்டைக்காட்டு அம்மன் சந்நிதியில் தலைநோய் தீர மண்டையப்பம் படைப்பது இப்பகுதியின் வழக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்காக அதைப் படைக்கும் தாயைத் திரைக்கு அப்பாலிருந்து ஒருவர் ஏளனம் செய்தால், அந்த நொடியிலேயே அவர் அந்த வீட்டைவிட்டு வெளியேறிவிட்டார். அந்த நேர்ச்சை பிள்ளையின் ஆட்டிசத்தை நீக்காது என்பது எனக்கு உறுதி. நீக்கப்பட வேண்டிய நோயாக அதைப் பார்க்க வேண்டியதில்லை என்பதும் உறுதி. ஆனால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய், இவனும் இந்த ஊர்ப் பிள்ளை என்று நாலு பேர் பார்க்க நிற்கும் அந்தச் செயலில் கவனிப்பு இருக்கிறது. பயிற்சியாளர் அதிலிருந்து தொடங்கலாம். கொடைவிழாவின் இரைச்சலை அந்தப் பிள்ளை எப்படித் தாங்கும், கூட்டம் குறைந்த வேளை எது, காதை எதனால் மூடலாம் என்று பேசலாம். கடலோரப் பங்குகளின் திருவிழா வெடிச்சத்தத்துக்கும் இதே பேச்சு பொருந்தும். சமயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த மாவட்டத்தில் எந்தக் குடும்பத்தின் அருகிலும் போக முடியாது.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும், பங்குப் பேரவைகளுக்கும், கோயில் கமிட்டிகளுக்கும், தாங்கல்களை நடத்துவோருக்கும், பள்ளிவாசல் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். மணவாளக்குறிச்சி போன்ற ஒவ்வொரு பேரூராட்சியிலும் இந்த வேலைக்கென்று உள்ளூர்ப் பெண் ஒருவரையாவது பயிற்றி, மாதச் சம்பளத்தோடு அமர்த்துங்கள். அங்கன்வாடி ஊழியரின் முதுகில் இன்னொரு பதிவேடாக இதை ஏற்றிவிட வேண்டாம். எத்தனை அழைப்புகள் நடந்தன என்று கணக்கெடுப்பதை விட்டுவிட்டு, எத்தனை வீடுகளில் பிள்ளையோடு விளையாடத் தெரிந்த இரண்டாவது ஆள் உருவானார் என்று கணக்கெடுங்கள். காது சோதனைக்கும் சான்றிதழுக்கும் அந்தக் குடும்பங்கள் ஆசாரிப்பள்ளம் போய்வர வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். அந்த உள்ளூர்ப் பெண் நியமிக்கப்படும்வரை, மாவட்டத்தில் ஆட்டிசத்துக்குத் தொலைச் சேவை தொடங்கிவிட்டது என்று யாரும் அறிவிக்க வேண்டாம்.